குளிர்காலம் முழுக்கப் பல பனிச்சறுக்கு மலைகளில் சறுக்கவிடும் எபிக், இக்கான் சீசன் பாஸ்களின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. குளிர்காலத்தில் நாலைந்து நாள் மட்டும் பனிச்சறுக்குப் போகும் குடும்பம் இனியும் வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் கலிஃபோர்னியா பே ஏரியாவில் இருக்கிறார். வீட்டில் பெரியவர் இருவர், பள்ளிப் பிள்ளைகள் இருவர். குளிர்காலத்தில் நாலைந்து நாள் தாஹோ ஏரிப் பக்கத்துப் பனிச்சறுக்கு மலைகளுக்குப் போவார்களாம். "நாலு நாள் போனாலே பாஸுக்குப் போட்ட காசு வந்துவிடும்" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம், அது சரியா என்கிறார்.

நண்பர்களின் வகுத்தல் கணக்கில் தப்பில்லை. எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்பதில்தான் வில்லங்கம்.

2025-26 சீசனுக்குப் பெரியவர்களுக்கான முழு எபிக் பாஸின் தொடக்க விலை 1,051 டாலர். எபிக்கை விற்கும் நிறுவனத்தின் வெய்ல் மலையில், விடுமுறை உச்ச நாளில் கவுன்டரில் நின்று டிக்கெட் வாங்கினால் ஒரு நாளைக்கு 300 டாலருக்கு மேல். 1,051-ஐ 300-ஆல் வகுத்தால் மூன்றரை. நாலாம் நாளே லாபம் என்று வந்துவிடும். ஆனால் அந்த 300 டாலர், முன்கூட்டித் திட்டமிடுகிற யாரும் கொடுக்கிற விலை இல்லை. பாஸ் மலிவாகத் தெரிய வேண்டும் என்றே உயரத்தில் தூக்கி வைத்த விலை அது. விலைச்சீட்டில் ஏற்றி எழுதிவிட்டு ஆடித் தள்ளுபடி போடுகிற வேலைதான், மலை மட்டும் வேறு.

நீங்கள் ஒப்பிட வேண்டியது, சீசனுக்கு முன்பே பணம் கட்டி வாங்கும் நாள் பாஸோடு. எபிக்கில் 1 முதல் 7 நாள் வரை எத்தனை நாள் வேண்டுமோ அத்தனைக்கு வாங்கலாம். இக்கானில் 2, 3, 4 நாட்களுக்கு 'செஷன் பாஸ்' உண்டு. எந்தெந்த மலைகள், விடுமுறை நாட்கள் சேர்த்தா சேர்க்காமலா, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து விலை மாறும். கணக்குக்காக ஒரு நாள் 110 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 1,051-ஐ 110-ஆல் வகுத்தால் ஒன்பதரை. இப்போது லாபம் நாலாம் நாளில் இல்லை, பத்தாம் நாளில்தான் தொடங்குகிறது.

குடும்பக் கணக்காகவே பார்க்கலாம். எபிக்கில் 5 முதல் 12 வயது வரை ஏறக்குறைய பாதி விலை. முழு பாஸ் நாலு பேருக்கும் சேர்த்துச் சுமார் 3,150 டாலர். அதே நாலு பேர் 5 நாளுக்கு நாள் பாஸ் எடுத்தால், பெரியவருக்கு 110, பிள்ளைக்கு 55 என்ற கணக்கில் 1,650. ஐந்து நாள்தான் போவோம் என்று உறுதியாகத் தெரிந்தால் முழு பாஸ் வாங்குவது 1,500 டாலரைப் பனியில் கொட்டுவதற்குச் சமம். எபிக்கின் மலிவு வகையான எபிக் லோக்கல் பாஸ் (2025-26-இல் 783 டாலர்) இதே கணக்கில் எட்டாம் நாளில் தேறும். தாஹோவுக்கு மட்டுமான பாஸ் அதைவிட மலிவு. ஆறேழு நாள் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

விலை ஏறிய விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் நினைப்பது போல் பாஸ் விலை மட்டும் கண்மண் தெரியாமல் ஏறவில்லை. 2008-இல் எபிக் பாஸ் வந்தபோது 579 டாலர். பணவீக்கத்தைச் சேர்த்தால் இன்றைக்கு 860, 870 டாலருக்கு வரும். அன்று அதில் இருந்த மலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகுதான் பார்க் சிட்டி (2014), விஸ்லர் பிளாக்கோம் (2016), ஸ்டோ (2017) எல்லாம் அந்த நிறுவனத்தின் கைக்கு வந்தன. ஆகவே பாஸின் உண்மையான ஏற்றம் இருபது விழுக்காட்டை ஒட்டித்தான். அதே காலத்தில் வெய்ல் கவுன்டர் டிக்கெட் 100 டாலருக்குக் கீழிருந்து மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது. ஏறியது டிக்கெட், அந்த உயரத்தைக் காட்டித்தான் பாஸ் விற்கிறது. இக்கானின் கதை கொஞ்சம் வேறு: 2018-19-இல் 899-க்குத் தொடங்கி 2025-26-இல் 1,329. ஏழே ஆண்டில் ஏறக்குறைய 48 விழுக்காடு.

இடையில் ஒரு தடவை விலை இறங்கவும் செய்தது. 2021-இல் எபிக் 979-இலிருந்து 783-க்கு, அதாவது 20 விழுக்காடு குறைக்கப்பட்டது. விற்பனை எண்ணிக்கை 47 விழுக்காடு கூடியது. அந்தக் குளிர்காலம் ஆள் பற்றாக்குறைக் காலம் வேறு. சியாட்டில் அருகே எபிக்கில் உள்ள 'ஸ்டீவன்ஸ் பாஸ்' என்ற மலையில், ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்டை ஓட்ட ஆளில்லாமல் பல சரிவுகள் திறக்கப்படவே இல்லை. 40,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு முறையிட்டார்கள். அடுத்த சீசனுக்கு ஊழியர்களின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர் என்று அறிவிப்பு வந்தது. விலையும் பழையபடி ஏறி, 2024-25-இல் 982 ஆனது. மலிவு பாஸுக்கும் ஒரு விலை உண்டு. அதை லிஃப்ட் வரிசையில் நின்று கட்டுவோம்.

இந்த முன்விற்பனை முறையில் நடப்பது ஓர் இடமாற்றம். பனி பெய்யுமா என்ற கவலை முன்பு மலைக்காரருடையது. பனி இல்லையென்றால் டிக்கெட் விற்காது. இப்போது பனி விழும் முன்பே உங்கள் பணம் அவர் கணக்கில். டிசம்பரில் மலை பாதி பச்சையாகக் கிடந்தாலும் நஷ்டம் உங்களுக்கு. எபிக்கில் கட்டணமின்றிச் சேர்ந்துவரும் பாதுகாப்புத் திட்டம் காயம், நோய், வேலை இழப்பு, குறிப்பிட்ட காரணங்களால் மலையே மூடப்படுவது ஆகியவற்றுக்குப் பணம் திருப்பித் தரும். ஐடி வேலையில் இருப்பவர்கள் அந்த வேலை இழப்பு விதியை மட்டும் முழுதாகப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காலம் அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. ஏற்கெனவே சறுக்கிய நாட்களைக் கழித்துத்தான் கொடுப்பார்கள். பனி குறைவு, பாதி லிஃப்ட் ஓடவில்லை, கூட்டம் தாங்கவில்லை என்பதெல்லாம் அதில் வராது. 2024 டிசம்பர் கடைசியில் பார்க் சிட்டியில் மீட்புப் படையினர் வேலைநிறுத்தம் செய்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்கு அடுத்த சீசன் பாஸில் 50 விழுக்காடு வரை கழிவு தந்தார்கள். அதுவும் கழிவுதான், கையில் காசு இல்லை.

இனி, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம்: பிளாக்அவுட் நாட்கள், அதாவது பாஸ் செல்லாத நாட்கள். மலிவு பாஸ்களில் மூன்று காலக்கட்டங்கள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முதல் ஆண்டு இறுதி வரை, ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் வாரயிறுதி, பிப்ரவரியில் பிரெசிடென்ட்ஸ் டே வாரயிறுதி. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றாக லீவு கிடைப்பதே அந்த மூன்றில்தான்! தாஹோ பாஸ்களில் மிக மலிவான வகையில் சில மலைகளுக்குச் சனிக்கிழமையும் கிடையாது. இக்கானின் மலிவு வகையான பேஸ் பாஸில் பாலிசேட்ஸ் தாஹோ மலைக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, பிளாக்அவுட் உண்டு. முழு இக்கானில் அது இல்லை. வாங்கும் முன் பள்ளி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்து, போகக்கூடிய நாட்களைத் தேதியோடு எழுதுங்கள். "ஒரு பத்து நாள் போவோம்" என்று வாயால் சொல்வது வேறு, எழுதிப் பார்ப்பது வேறு. எழுதியதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலக ரிலீஸ், தாஹோ போகும் இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை மூடல், ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும்.

சாலை என்றதும் ஒன்று. அந்த நெடுஞ்சாலையில் உள்ள டானர் கணவாயில் பனி கொட்டும்போது 'ஆர்-2' என்று பலகை வைத்தால் டயரில் பனிச் செயின் கட்டாயம். நான்கு சக்கர இயக்கமும் நாலு சக்கரத்திலும் பனி டயரும் இருந்தால் கட்டாமல் போகலாம், ஆனால் செயின் வண்டியில் இருந்தே ஆக வேண்டும். 'ஆர்-3' என்றால் எந்த வண்டிக்கும் விலக்கில்லை. டயர் அளவைப் பார்த்து ஊரிலேயே வாங்கி, வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டிப் பழகிவிடுங்கள். பாலிசேட்ஸில் வாரயிறுதிக்கும் விடுமுறைக்கும் பார்க்கிங் முன்பதிவு வேறு வேண்டும். பாஸ் கையில் இருக்கிறது, வண்டி நிறுத்த இடமில்லை என்று திரும்புகிறவர்கள் உண்டு.

முழு பாஸ்தான் என்று கணக்கு சொன்னால், எப்போது வாங்குவது? விற்பனை மார்ச்சில் தொடங்கும். மே கடைசியில் மெமோரியல் டேயை ஒட்டி ஒரு தடவை, செப்டம்பரில் லேபர் டேயை ஒட்டி ஒரு தடவை என்று படிப்படியாக ஏறி, டிசம்பர் தொடக்கத்தில் எபிக் விற்பனையே முடிந்துவிடும். வசந்தத்தில் 49 டாலர் மட்டும் கட்டி எபிக்கின் தொடக்க விலையைப் பிடித்து வைக்கலாம். அது திரும்பப் பெறக்கூடிய அட்வான்ஸ் இல்லை. மீதி முழுத் தொகையும் செப்டம்பர் வாக்கில் கார்டிலிருந்து தானாகப் போகும். நாள் பாஸ் எடுப்பவர்களும் டிசம்பர் கெடுவை மறக்கக்கூடாது. தவறவிட்டால் மிஞ்சுவது ஆன்லைன் டிக்கெட் அல்லது கவுன்டர்தான். பாஸ் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி டிக்கெட்டைக் கேளுங்கள். 2025-26-இல் எபிக் அதைப் பாதி விலையாக்கியது.

இதுவரை சறுக்கியே பழகாதவர் என்றால் எந்த பாஸும் வேண்டாம். வகுப்பு, கீழ்ச்சரிவு லிஃப்ட், வாடகைச் சாமான் மூன்றும் சேர்ந்த தொடக்கநிலைத் தொகுப்பு பல மலைகளில் கிடைக்கும். இரண்டு நாளில் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா, உங்கள் முழங்கால் ஒத்துழைக்கிறதா என்று தெரிந்துவிடும். பிள்ளைகளின் பூட், ஸ்கீ இரண்டையும் மலையில் நாள் வாடகைக்கு எடுப்பதைவிட ஊர்க்கடையில் சீசன் வாடகைக்கு எடுப்பது நாலைந்து நாளுக்கே பெரும்பாலும் கட்டுப்படியாகும், காலையில் வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரமும் மிச்சம். ஸ்கீயில் பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங் எவ்வளவு இறுக்கத்தில் விடுபட வேண்டும் என்பதைப் பிள்ளையின் எடை, உயரம், திறமை பார்த்துத்தான் கடைக்காரர் அமைப்பார். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். கூட்டிச் சொன்னால் விழும்போது ஸ்கீ கழலாமல் கால் திருகும்.

பாஸ் அட்டையை ஜாக்கெட்டின் இடப்பக்கப் பையில் தனியாக வையுங்கள். வாயிலில் உள்ள ரீடர் பொதுவாக இடப்பக்கம்தான் படிக்கும். அதே பையில் போனோ வேறு மலையின் பழைய அட்டையோ இருந்தால் கதவு திறக்காமல் போகலாம், பின்னால் நிற்பவர் முறைப்பார். ஸ்கேன் ஆகும்போது உங்கள் படம் ஊழியர் திரையில் வரும். "இந்த வாரம் நான் போகவில்லை, என் பாஸை நீ எடுத்துக்கொள்" என்று மச்சானிடம் கொடுத்து மாட்டினால் பாஸ் பறிமுதல், பணமும் திரும்பாது.