யூகரியோட்டாக் கலத்துக்குள் ஏன் இத்தனை அறைகள்?

கலத்தினுள் தனித்தனி வேலை செய்யும் சிறு உறுப்புகளான புன்னங்கங்களின் பெயர்களையும் தொழில்களையும் அட்டவணை போட்டு மனனம் செய்தும் பரீட்சை நெருங்கும்போது மறந்துபோகின்றன என்றும், பற்றீரியா இவை எதுவுமின்றி வாழும்போது நமது கலங்களைப் போன்ற, கருவுள்ள யூகரியோட்டாக் கலங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை அறைகள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு அந்த விடை கிடைத்தது பாடநூலில் அன்று, தேயிலைத் தொழிற்சாலையில். பறித்த கொழுந்து இரவு முழுவதும் வாடக் கிடந்தாலும் பச்சையாகவே இருக்கும். அதையே ரோலரில் உருட்டி நசுக்கி விரித்துவிட்டால், ஓரிரு மணித்தியாலத்தில் செம்பு நிறமேறி, பச்சிலை வாடை போய்த் தேயிலை மணக்கத் தொடங்கும். கொழுந்தின் கலங்களில் கற்றெக்கின் என்னும் பொருள், சாறு நிறைந்த பையான புன்வெற்றிடத்துக்குள் இருக்கிறது. அதை ஒட்சியேற்றும் பொலிபீனோல் ஒட்சிடேசு நொதியம், ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணியில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துவைப்பவை, ஒவ்வொன்றும் மில்லிமீற்றரில் இலட்சத்தில் ஒரு பங்குகூடத் தடிப்பில்லாத மென்சவ்வுகள். ரோலர் கிழிப்பது அவற்றைத்தான். இதனை நொதித்தல் என்று சொல்லும் வழக்கம் இருந்தாலும், நுண்ணங்கி எதுவும் இதற்குத் தேவையில்லை.

ஆகவே, ஒரு புன்னங்கத்தைப் படிக்கும்போது அது என்ன செய்கிறது என்பதோடு நில்லாமல், எதை எதிலிருந்து பிரித்துவைக்கிறது என்றும் கேளுங்கள். கலத்தின் கழிவுகளைச் சமிபாடடையச் செய்யும் பையான இலைசோசோமின் உள்ளே pH ஏறத்தாழ 5, வெளியே குழியவுருவில் ஏறத்தாழ 7.2, அதன் சமிபாட்டு நொதியங்கள் அமில ஊடகத்திலேயே நன்றாகத் தொழிற்படுவதால், ஓர் இலைசோசோம் கசிந்தாலும் கலம் உடனே அழிந்துவிடுவதில்லை. கருவின் கதை இன்னும் சுவையானது. பற்றீரியாவில் டி.என்.ஏ.யிலிருந்து, புரதம் தொகுப்பதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. பிரதியாகிக்கொண்டிருக்கும்போதே இறைபோசோம்கள் அதனைப் பற்றிப் புரதம் தொகுக்கத் தொடங்கிவிடும். நமது கலத்திலோ கருவுறை அவற்றை வெளியே நிறுத்திவைப்பதால், தேவையற்ற பகுதிகளை வெட்டியகற்றி, மிகுதியை ஒட்டிச் சீர்செய்த பின்னரே தூது ஆர்.என்.ஏ. வெளியேறுகிறது, அப்படி வெட்டி ஒட்டும் விதத்தை மாற்றினால் ஒரே பரம்பரையலகிலிருந்து வெவ்வேறு புரதங்களைப் பெறலாம்.

'இழைமணி கலத்தின் மின்நிலையம்' என்று எழுதாத மாணவரை நான் கண்டதில்லை. அதன் உள்மென்சவ்வு ஏன் அவ்வளவு மடிந்திருக்கிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். சுவாசத்தில் வெளிவரும் சக்தியால் புரோத்தன்கள் அம்மென்சவ்வின் ஒரு பக்கத்துக்குப் பம்பப்பட்டு, அணையில் தேங்கிய நீரைப்போல் சேர்கின்றன. அவை மறுபக்கம் திரும்பிப் பாயும்போதுதான், கலம் சக்திக்குப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏ.ரீ.பீ. தொகுக்கப்படுகிறது. மடிப்பு கூடக் கூட அணையின் நீளமும் கூடுகிறது. மனித இழைமணிக்கு 16,569 காரச்சோடிகள் கொண்ட, பற்றீரியாவினதைப் போல வட்டமான தனி டி.என்.ஏ.யும் உண்டு, அதன் மூதாதை ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பற்றீரியா என்பதற்கு இது வலுவான சான்று.

அகமுதலுருச் சிறுவலையும் கொல்கியுபகரணமும் புரதங்களைத் திருத்தி, பொதிசெய்து, உரிய இடத்துக்கு அனுப்பும் ஒரே பாதையின் இரு கட்டங்கள், சேர்த்தே படியுங்கள். இறைபோசோமுக்கு மென்சவ்வே இல்லை, அது பற்றீரியாவிலும் உண்டு. பலர் புள்ளி இழப்பது இங்கேதான்.

கையால் செய்துபார்க்க விரும்பினால் மூன்று கொழுந்துகளை எடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இன்னொன்றை உள்ளங்கையில் நன்றாகக் கசக்கி வையுங்கள். மூன்றாவதைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்தியெடுத்துக் கசக்குங்கள். இரண்டாவது மட்டும் செம்பு நிறமாகும். மூன்றாவதிலும் மென்சவ்வுகள் கிழிந்துதான் இருக்கும், ஆனால் நொதியம் வெப்பத்தில் ஏற்கெனவே சிதைந்துவிட்டது. பச்சைத் தேயிலை தயாரிக்கும் முறையும் இதுவே. கொழுந்து கிடைக்காத ஊரில் இருந்தால் கத்தரிக்காய்த் துண்டும் போதும்.