கேளுங்க சொல்றேன்: கப்பல்ல அந்தமான்

போன இதழ்ல அந்தமான் கப்பல் பத்தி ரெண்டே ரெண்டு வரிதான் எழுதினேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நினைக்கல. பாலாத்துல தண்ணி வந்தாலே பாலத்து மேல வண்டிய நிறுத்திட்டு போட்டோ எடுக்கற ஊருக்காரங்க நாம, நமக்கு கடல் மேல ஆசை இருக்கறது நியாயம்தான். ஒரே மாதிரி கேள்விங்கள சேர்த்து பதில் போட்டிருக்கேன்.

சார், நானும் வீட்டம்மாவும் மட்டும் போலாம்னு இருக்கோம். எத்தனை நாள் ஆகும், டிக்கெட் எங்க எடுக்கறது, எந்த கிளாஸ் நல்லது?
ரிட்டயர்டு வாத்தியார், குடியாத்தம்

வாத்தியாரே, சென்னையில இருந்து போர்ட் பிளேர் 1,300 கிலோமீட்டருக்கு மேல, கப்பல்ல ரெண்டரை நாள்ல இருந்து மூணு நாள் ஆகும், கடல் எப்படி இருக்கோ அதைப் பொறுத்து. (போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, டிக்கெட்ல அந்தப் பேர் இருந்தா வேற ஊர்னு பயந்துடாதீங்க.) ரயில் மாதிரி தினம் கிளம்பறது இல்ல, மாசத்துக்கு சில தடவைதான், தேதி முன்கூட்டி அறிவிப்பாங்க, அப்புறம் அதுவும் மாறும். அதனால லீவ மொதல்ல போட்டுட்டு கப்பல தேடாதீங்க, கப்பல் தேதி வந்த பிறகு லீவு போடுங்க. உங்களுக்குதான் லீவு கவலையே இல்லையே, கப்பல்ல போக சரியான ஆள் நீங்கதான்.

டிக்கெட் அந்தமான் நிர்வாகத்தோட கப்பல் துறை வெப்சைட்ல எடுக்கலாம், நேர்ல எடுக்கறதுன்னா சென்னை ராஜாஜி சாலை பக்கம் போகணும். நம்ம பக்கத்துக்கு இதுல ஒரு வசதி, வேலூர் கன்டோன்மென்ட் வழியா போற பீச் ரயில்ல ஏறினா ராஜாஜி சாலையிலயே இறங்கிடலாம், சென்ட்ரல்ல இறங்கி ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசற வேலை கிடையாது. ஸ்கூல் லீவு சமயத்துல மட்டும் டிக்கெட் கஷ்டம், தீவுல குடியிருக்கறவங்களுக்கு சலுகையும் முன்னுரிமையும் உண்டு, அது நியாயமும் கூட, அவங்களுக்கு அது ஊருக்கு போற பஸ்.

கிளாஸ் விஷயம்தான் முக்கியம். பங்க்னு ஒண்ணு, பெரிய ஹால்ல மேலயும் கீழயும் இரும்பு கட்டில், நூத்துக்கணக்கான பேர், பாத்ரூம் பொது. மொத நாள் பரவாயில்ல, மூணாவது நாள் அந்த பாத்ரூம் பக்கம் போக மனசு வராது. இதுக்கு மேல கேபின், ரெண்டு பேர் தங்கறது, நாலு பேர் தங்கறது, டீலக்ஸ்னு இருக்கு. வயசானவங்க பங்க்ல போகவே போகாதீங்கன்னுதான் சொல்வேன். ஆனா ஒண்ணு, நல்ல கேபின் டிக்கெட் காசுக்கு முன்னாடியே புக் பண்ணா சில சமயம் பிளைட்டே கிடைச்சுடும், ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல இறங்கிடலாம். பணம் மிச்சம்னு நினைச்சு கேபின் எடுக்காதீங்க, கப்பல்ல போகணும்னு ஆசை இருந்தா எடுங்க. என்னைக் கேட்டா போறப்ப கப்பல், வர்றப்ப பிளைட்.

இதை உல்லாசக் கப்பல்னு நினைச்சுக்கினு போறவங்கதான் திரும்பி வந்து திட்டறாங்க. நீச்சல் குளம், டான்ஸ் எல்லாம் எதிர்பார்க்காதீங்க. சோறு, பருப்பு, சப்பாத்தி, டீ, அவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க டெக்ல நிக்கறது, பக்கத்துல இருக்கறவங்க கதைய கேக்கறது. போன்ல சிக்னல் சுத்தமா இருக்காது. காலையில பறக்கும் மீன் கூட்டமா தண்ணியில இருந்து எழும்பி போகும், அதுக்காகவே சீக்கிரம் எழுந்திரிக்கலாம். போர்ட் பிளேர் தீவோட கிழக்குப் பக்கம் இருக்கறதால நம்ம கப்பல் தெற்கே சுத்தி, ரட்லேண்ட் தீவுக்கும் லிட்டில் அந்தமானுக்கும் நடுவுல டங்கன் பாசேஜ்னு இருக்கே, அதுல நுழைஞ்சு மேல ஏறும். ரெண்டு நாளா வெறும் தண்ணியவே பார்த்த கண்ணுக்கு அந்த பச்சை தெரியும்போது எல்லாரும் டெக்குக்கு ஓடி வந்துடுவாங்க, அப்ப கேபின்ல தூங்கினா வேஸ்ட்.

எனக்கு ஏலகிரி பஸ்லயே வாந்தி வரும். கப்பல்ல தாங்குமா?
இல்லத்தரசி, திருப்பத்தூர்

அம்மா, மாசத்த பார்த்து போங்க. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்ல வங்கக் கடல் ஓரளவு அமைதியா இருக்கும், மே கடைசியில இருந்து தென்மேற்கு பருவமழை ஆட்டும், அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் புயல் சீசன். கேபின் கிடைச்சா கப்பலோட நடுவுல, கீழ் தளத்துல கேளுங்க, முன்னாடி மூக்குல ஆட்டம் அதிகம். வாந்தி மாத்திரைய வாந்தி வந்த பிறகு போட்டா பிரயோஜனம் இல்ல, முன்னாடியே போடணும், எதுன்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, ஏன்னா சிலதுல தூக்கம் நல்லா வரும். வெறும் வயித்தோட இருக்காதீங்க, குமட்டினா மேல வந்து தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்ட பாருங்க, போன பார்க்காதீங்க. பல பேருக்கு ரெண்டாவது நாள் பழகிடும்.

ஆம்பூர் பிரியாணி கட்டிக்கினு போலாமா?
காலேஜ் பசங்க, வாணியம்பாடி

மொத நாள் மதியத்துக்கு மட்டும் கட்டுங்க தம்பிங்களா. மறுநாளைக்கு புளிசோறு, மூணாவது நாளைக்கு ஆற்காடு மக்கன் பேடா.

தோட்டப்பாளையத்துல லாட்ஜ்ல வேலை செய்யறேன். சிஎம்சிக்கு வர்ற அந்தமான்காரங்க சில பேர் திரும்பி கப்பல்ல போறேன்றாங்க. பேஷன்ட்ட கூட்டிக்கினு போலாமா?

நல்ல மனசுப்பா உனக்கு. ஆபரேஷன் ஆகி புதுசா இருக்கறவங்க, இதயம், மூச்சு சம்பந்தமா பார்க்க வந்தவங்க, இவங்க பிளைட்டா கப்பலான்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடணும், லாட்ஜ்ல நாம சொல்ற விஷயம் இல்ல. நடுக்கடல்ல ஏதாவது ஆனா பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. சும்மா செக்கப்புக்கு வந்து நல்லா நடமாடறவங்கன்னா கீழ் கட்டிலா கேட்டு வாங்கிக்கட்டும், ஒரு வாரத்துக்கு மாத்திரை எக்ஸ்ட்ராவா கையிலேயே வெச்சுக்கட்டும், கப்பல் லேட்டானா நடுவுல மெடிக்கல் ஷாப் வராது.

அங்க ஹிந்திதான் பேசணுமா? பர்மிட் வேணுமா?
மெக்கானிக், ராணிப்பேட்டை

ஹிந்தி தெரிஞ்சா நல்லது, ஆனா 2011 கணக்குப்படியே அங்க தமிழ் தாய்மொழியா உள்ளவங்க நூத்துக்கு 15 பேர் கிட்ட, போர்ட் பிளேர்ல முருகன் கோயில் கூட இருக்கு, வழி கேக்க பயப்பட வேணாம். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் தீவுக்கு நமக்கு பர்மிட் வேணாம். நிக்கோபார் பக்கம் டூரிஸ்ட்டா போக முடியாது, அது பழங்குடி மக்களோட இடம். நம்ம ஊரும் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைதான், ஆனா அங்க சூரியன் நமக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல முன்னாடியே வந்துடும், வாட்ச் மட்டும் அதே நேரம்தான். சாயந்திரம் அஞ்சு, அஞ்சரைக்கே இருட்டிடும், அதுக்கு தகுந்தா மாதிரி காலையில கிளம்புங்க.

வேலூர் கோட்டை சிப்பாய் புரட்சியில பிடிபட்டவங்கள அந்தமானுக்குதான் அனுப்பினாங்கன்னு எங்க தாத்தா சொல்வார். நிஜமா?
பிளஸ் டூ மாணவி, காட்பாடி

இல்லம்மா. நம்ம புரட்சி 1806 ஜூலை 10. அந்தமான்ல வெள்ளைக்காரன் 1789ல ஒரு தடவை குடியேறிப் பார்த்தான், நோய் தாங்காம 1796லயே விட்டுட்டு போயிட்டான், 1806ல அங்க ஜெயிலும் இல்ல ஒண்ணும் இல்ல. கைதிங்கள கப்பல்ல கொண்டுபோய் இறக்க ஆரம்பிச்சது 1858ல, அதாவது 1857க்கு அப்புறம். செல்லுலார் ஜெயில் கட்டி முடிச்சது 1906. தாத்தா சொன்னது 1857 ஆளுங்களுக்கு பொருந்தும், அவர்கிட்ட சண்டை போடாதே.

லட்சத்தீவு கிட்டயா அந்தமான் கிட்டயா? எது சுலபம்?
வங்கி ஊழியர், ஆரணி

தூரம் பார்த்தா லட்சத்தீவு. காட்பாடியில ராத்திரி ரயில் ஏறி எர்ணாகுளம், கொச்சியில கப்பல், அங்க இருந்து எந்த தீவுங்கறத பொறுத்து 14ல இருந்து 20 மணி நேரம். ஆனா பர்மிட் கட்டாயம், அதனால டூரிஸ்ட் பேக்கேஜ்ல போறதுதான் தலைவலி இல்லாதது. சமுத்திரம்னு ஒரு பேக்கேஜ், பகல்ல தீவு, ராத்திரி தூக்கம் கப்பல்லயே. பல தீவுல பவளப்பாறை இருக்கறதால கப்பல் வெளியவே நிக்கும், ஆடற கப்பல்ல இருந்து ஆடற போட்டுக்கு இறங்கணும், முட்டி வலி இருக்கறவங்க அதை யோசிச்சுக்கோங்க. மழைக்காலத்துல பேக்கேஜ் ஓடாது.

திரும்பி வரும்போது பவளம், சிப்பி எடுத்துக்கினு வரலாமா?
கடைக்காரர், வாலாஜா

பவளம் கூடவே கூடாது, கரையில ஒதுங்கின செத்த பவளம் கூட, வனவிலங்கு சட்டத்துல அதுக்கு கேஸ் இருக்கு, லக்கேஜ ஸ்கேன் பண்றப்ப மாட்டுவீங்க. சிப்பியிலயும் சில வகைக்கு தடை இருக்கு, வேணும்னா பில் குடுக்கற கடையில வாங்கி அந்த பில்ல பத்திரமா பர்ஸ்ல வெச்சுக்கோங்க.