மகளுக்கு நடிப்பு ஆசை: ஓர் அம்மாவுக்குப் பதில்

பிளஸ் டூ முடித்த மகள் நடிகையாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், அப்பா அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது அம்மா. அவள் ஆசையும் நியாயமானதுதான். "சினிமாவே வேண்டாம்" என்று மல்லுக்கு நிற்காதீர்கள். "முதலில் மேடை, கூடவே ஒரு பட்டப்படிப்பு" என்று சொல்லிப் பாருங்கள்.

மனோரமா ஆச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1937-இல் மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் வளர்ந்தவர். வறுமையால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறினார். எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்திலும் நடித்தார். கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' மூலம் திரைக்கு வந்தது 1958-இல். அதுவும் நகைச்சுவை வேடம். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் நிலைத்து நின்றது கதாநாயகி வேடங்களால் அல்ல.

'தில்லானா மோகனாம்பாள்' படத்தை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். சிவாஜி முன்னால் நின்று, நாயனத்தைப் பற்றி ஜில் ஜில் ரமாமணியாக வரும் ஆச்சி வெகுளியாக ஒரு கேள்வி கேட்பார். எந்தச் சொல்லை இழுக்கிறார், எங்கே நிறுத்துகிறார், கண் எங்கே போகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். ரமாமணி ஒரு நாடகக்காரி. மேடையில் வருஷக்கணக்கில் பேசிப் பழகிய குரல் இல்லாமல் அந்த வேடத்தை அப்படிச் செய்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காகக் கின்னஸில் இடம்பிடித்தார். 'புதிய பாதை'க்காகத் தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ என்று எல்லாம் பின்னால் தேடி வந்தன.

படிப்பை விடுவதா வேண்டாமா என்று யோசிக்கும் வசதி ஆச்சிக்கு இல்லை. உங்கள் மகளுக்கு இருக்கிறது. டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டு பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே பட்டமும், நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் வேண்டும். சேர்ந்துவிட்டால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை படிக்கலாம். சென்னையில் நாடக ஆசிரியர் ந.முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலிருந்து பசுபதி, கலைராணி போன்றவர்கள் சினிமாவுக்கு வந்தார்கள். ஆகவே இந்த மூன்று வருஷம் அவள் எந்தப் பட்டம் படித்தாலும் சரி, கல்லூரி நாடகக் குழுவிலோ உள்ளூர்க் குழுவிலோ இருக்கட்டும். தினமும் அரை மணி நேரம் தமிழை வாய்விட்டுப் படிக்கட்டும். ல, ள, ழ பிசகாத நாக்கு டப்பிங் வேலைக்கும் கைகொடுக்கும்.

வருமானம் சீராக வராது. இதை மறைக்காமல் இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள். கையில் பட்டம் இருந்தால் வாய்ப்பு இல்லாத மாதங்களில் பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கலாம், வேறு வேலையும் பார்க்கலாம்.

அப்புறம், பணம். "ஹீரோயின் சான்ஸ் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று எவர் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். நடிக்க வைப்பவர்தான் சம்பளம் தர வேண்டும். ஆடிஷனுக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். ஹோட்டல் அறைக்கு வரச் சொன்னால் போகவே வேண்டாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீல் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் அப்பாவின் கண்டிப்பு உண்மையிலேயே உதவும்.

அதனால் அவரை ஒதுக்கி வைத்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அடுத்த மாதம் பக்கத்தில் எங்காவது நாடகம் நடந்தால் மூவருமாகப் போங்கள். முடிந்ததும் நடித்த பெண்களிடம் பேசுங்கள். எப்படிப் பயிற்சி எடுத்தார்கள், வீட்டுச் செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள், இரவு ஒத்திகை முடிந்து எப்படி வீடு திரும்புகிறார்கள் என்று அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள்.