பால் மரம் வெட்டிய கட்டைவிரலை வங்கிக் கருவி ஏற்காவிட்டால்?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பல வருடம் பால் மரம் வெட்டியவர். வங்கியில் மைகார்டை (மலேசிய அடையாள அட்டை) செருகிக் கட்டைவிரலை வைத்தால் பாதி நேரம் ‘பொருந்தவில்லை’ என்றே வருகிறது. கைப்பேசியிலும் இதே தொல்லை. வங்கிச் செயலிக்காக அவர் போனில் என் விரலைப் பதிந்துவிடலாமா?

பதில்: உங்கள் விரலைப் பதிய வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அம்மாவின் விரலைப் பார்ப்போம்.

தோட்டத்தில் வேலை செய்தவர்கள் ‘ரேகையே அழிஞ்சு போச்சு’ என்பார்கள். பெரும்பாலும் அது அழிவதில்லை. ரேகையின் வடிவம் நாம் தாய் வயிற்றில் இருக்கும்போதே தோலின் உள்ளடுக்கில் அமைந்துவிடுகிறது. மேல்தோல் தேய்ந்தாலும் அதே வடிவத்தில்தான் திரும்ப வளரும். உள்ளடுக்கு வரை இறங்கிய வெட்டுக்காயம்தான் நிரந்தரத் தழும்பாக நிற்கும். ஆனால் கத்திப்பிடி, பாலை உறைய வைக்கும் அமிலம், ஓயாத ஈரம் எல்லாம் சேர்ந்து ரேகையின் மேடுகளைத் தேய்க்கின்றன. வயதாக ஆகத் தோலும் வறண்டுபோகிறது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் குறைந்தால் கருவிக்குக் கோடுகள் தெளிவாகத் தெரியாது.

கருவி ரேகையை முழுப் படமாக ஒப்பிடுவதில்லை. ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைத்தான் மைகார்டின் சிப்பில் இருக்கும் பதிவோடு பொருத்திப் பார்க்கிறது. போதுமான புள்ளிகள் ஒத்துப்போனால் ஏற்கும், இல்லாவிட்டால் தள்ளும். அடுத்தவர் நுழையக் கூடாது என்று அந்த எல்லையை உயர்த்தினால், சொந்தக்காரரே சில நேரம் வெளியே நிற்க வேண்டிவரும். அம்மாவுக்கு நடப்பது இதுதான். ‘நீங்கள் அவர் இல்லை’ என்று யாரும் தீர்ப்பு சொல்லவில்லை. அதை அவரிடமும் சொல்லுங்கள். கவுண்டரில் நாலு பேர் பார்க்கத் திரும்பத் திரும்ப விரலை வைப்பது வயதானவர்களைக் கூசவைக்கும்.

சரி, என்ன செய்யலாம்? சிப்பில் இரண்டு கட்டைவிரல்களும் பதிவாகியிருக்கின்றன. வலது மறுத்தால் இடதை வைக்கச் சொல்லுங்கள். போவதற்குச் சில நாள் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெயோ வேஸ்லினோ தடவட்டும். காலையில் நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும், எண்ணெய்ப் பசை இருந்தாலும் படம் மங்கும். வங்கிக்குள் ஏர்கான் குளிரில் விரல் இன்னும் வறளும், அதனால் வைக்கும் முன் வாயால் ஊதி லேசாக ஈரப்படுத்தினால் போதும். பலர் பிடிக்கவில்லை என்றதும் இன்னும் அழுத்துவார்கள். அழுத்தினால் மேடுகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நுனியை விட்டு, சுழி இருக்கும் நடுப்பகுதியை மெதுவாக வைக்க வேண்டும். அப்படியும் நடக்காவிட்டால் தேசியப் பதிவுத் துறைக் கிளைக்கு அழைத்துப்போய், அட்டையில் உள்ள ரேகை இப்போதும் விரலோடு பொருந்துகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று: கேப்சிடபைன் போன்ற சில புற்றுநோய் மருந்துகளும் ரேகையை மங்கவைக்கும். அம்மா அப்படி எதையாவது சாப்பிட்டால் வங்கியில் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் விரல். ஒரு போனில் பதிந்த விரல்கள் எல்லாவற்றையும் அது ஒரே ஆளாகத்தான் பார்க்கும். நீங்கள் அனுப்பிய பணமும் வங்கிப் பதிவில் அம்மா அனுப்பியதாகவே நிற்கும். நாளை பணம் காணாமல் போனால், ‘நான் அனுப்பவில்லை’ என்று அம்மா சொல்வது எடுபடாமல் போகலாம். போதாததற்கு, புதிய விரல் சேர்ந்ததைக் கண்டதும் பல வங்கிச் செயலிகள் ரேகை வழியையே அடைத்துவிடும்.

முகத்தைக் காட்டித் திறப்பது? விலை குறைந்த போன்களில் வெறும் முன்கேமராதான் அந்த வேலையைச் செய்கிறது. சிலவற்றை ஒரு புகைப்படமே ஏமாற்றிவிடும், பணத்துக்கு அதை நம்ப மாட்டேன். அம்மா மனதில் நிற்கும் ஆறு இலக்க எண் ஒன்றை அவரே போட்டுக்கொள்ளட்டும். பிறந்த தேதி மட்டும் வேண்டாம், அது ஐசி (அடையாள அட்டை) எண்ணிலேயே இருக்கிறது.

நீங்களும் அந்தப் பணத்தைக் கையாள வேண்டியிருந்தால், இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு திறக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். வெறும் மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம்தான் என்றால் பில்லில் உள்ள எண்ணை வைத்து உங்கள் கணக்கிலிருந்தே கட்டலாம். அதற்கு அவர் போனைத் தொடவே வேண்டியதில்லை.