பாதி வழியில் மனசு உட்கார்ந்துவிட்டால்: நெடுந்தூர டிரையத்லான் பற்றிய கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களுமாக நிறையப் பேர் இப்போது கோவா அரை அயர்ன்மேனுக்கோ, வெளிநாட்டில் முழு தூரத்துக்கோ தயாராகிறார்கள். எத்தனை மணிக்கு எழுந்து எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மனசு சோர்ந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. அதனால் இந்த முறை ஊக்கம், உற்சாகம் பற்றிய கேள்விகளை மட்டும் அனுப்பச் சொன்னேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மூச்சில் முடிப்பதுதான் டிரையத்லான், அதில் பேர்பெற்ற நெடுந்தூரப் போட்டி அயர்ன்மேன். முழு தூரம் என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம், பொதுவாக 17 மணி நேரத்துக்குள். அரை தூரம் இதில் சரிபாதி, எட்டரை மணி நேரம்.

சைக்கிளில் 120 கி.மீ. தாண்டியதும் "எதுக்குடா இதெல்லாம்" என்று ஒரு வெறுப்பு வருகிறது. பயிற்சியிலும் வருகிறது, போட்டியிலும் வந்தது. இதை மனசால் எப்படி வெல்வது? (கல்லூரி ஆசிரியர், காரைக்குடி)

சார், மனசை அப்புறம் பார்ப்போம். முதலில் சாப்பிடுங்கள். அந்த எண்ணம் வந்த நிமிடமே கடைசியாக எப்போது வாயில் ஏதாவது போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள், பத்தில் ஏழெட்டுப் பேருக்கு அரை மணி நேரம் தாண்டியிருக்கும். உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து சில மணி நேரத்துக்குத்தான் வரும், மூளையும் ஓடுவது சர்க்கரையில்தான், அது குறைந்தால் கால் வலிப்பதற்கு முன்னாடியே மனசு கறுத்துவிடும். அதை நாம் "எனக்கு மன உறுதி போதாது" என்று தப்பாகப் படித்துக்கொள்கிறோம்.

மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்பது நெடுந்தூரப் போட்டியின் பொதுவான கணக்கு. நடுத்தர அளவு வாழைப்பழம் இரண்டு சேர்ந்தால் சுமார் 50 கிராம் வரும். கடலை மிட்டாய், வெல்லம் போட்ட பானகம், பாக்கெட்டில் வரும் சர்க்கரை ஜெல் எதுவானாலும் சரி, வயிற்றுக்குப் பழகியதாக இருக்கட்டும். எண்ணெயில் பொரித்த அதிரசத்தை அன்றைக்கு மட்டும் தொடாதீர்கள். 2004-இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு செய்தார்கள்: மாவுச்சத்துக் கரைசலை விழுங்காமல் கொப்புளித்துத் துப்பியவர்கள்கூட, வெறும் தண்ணீரைக் கொப்புளித்ததைவிட ஒரு மணி நேர சைக்கிள் சோதனையைச் சுமார் 3 சதவீதம் வேகமாக முடித்தார்கள். வயிற்றுக்குப் போவதற்கு முன்பே, வாயில் பட்ட உடனே மூளைக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

சாப்பிட்டு, பத்து நிமிடம் வேகத்தைக் குறைத்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அப்புறமும் வெறுப்பு போகவில்லை என்றால்தான் அது மனசு சம்பந்தப்பட்டது. அப்போது 180-ஐ நினைக்காதீர்கள். அடுத்த தண்ணீர்ப் பந்தல் வரை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் அதற்கடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.

தொண்டியில் கடலில் நீந்திப் பழகுகிறேன். தனியாக நீந்தினால் பயமில்லை. கூட்டத்தோடு இறங்கினால் மூச்சு முட்டுகிறது, தைரியம் எல்லாம் போய்விடுகிறது. (தேவகோட்டைத் தம்பி)

தம்பி, முதல் 200 மீட்டரில் இது அனுபவசாலிகளுக்கும் வரும். மூச்சை உள்ளே இழுக்கத் தவிப்பதுதான் முட்டலைக் கூட்டுகிறது, தண்ணீருக்குள் முழுசாக வெளியே விடுங்கள், உள்ளே தானாக வரும். கூட்டத்தின் ஓரத்தில், பின்னால் இறங்குங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதக்கலாம். பாதுகாப்புக்கு நிற்கிற படகைப் பிடித்து ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறாதவரை விதிப்படி தப்பே இல்லை. இது தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். தொண்டிப் பக்கம் கடல் பெரும்பாலும் அலையில்லாமல் கிடக்கும், ஆனால் கோவாவில் அப்படி நம்ப முடியாது, அதனால் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வேண்டுமென்றே இடித்துக்கொண்டு நீந்திப் பழகுங்கள். தனியாக மட்டும் கடலில் இறங்கவே வேண்டாம்.

பாட்டு கேட்டுக்கொண்டே ஓடலாமா? (கானாடுகாத்தான்)

போட்டியில் கூடாது. காதில் எதையும் மாட்டக்கூடாது, மாட்டினால் தகுதி நீக்கம் வரை போகும். பயிற்சியிலும் வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டத்தையாவது பாட்டில்லாமல் ஓடிப் பழகுங்கள்.

மனசுக்குள் ஏதாவது சொல்லிக்கொண்டே ஓடச் சொல்கிறார்கள். எனக்கு அது செயற்கையாக இருக்கிறது. உண்மையில் பலன் உண்டா? (மருந்துக்கடை வைத்திருப்பவர், புதுவயல்)

உண்டு, அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2014-இல் வந்த ஒரு ஆய்வில் 24 பேரை சைக்கிளில் உட்காரவைத்து, முடியாமல் நிறுத்தும் வரை மிதிக்கவைத்தார்கள். அதில் பாதிப் பேருக்கு, சிரமமான நேரத்தில் தனக்குத் தானே என்ன சொல்லிக்கொள்வது என்று இரண்டு வாரம் பழக்கம். திரும்பச் சோதித்தபோது பழகியவர்கள் தாங்கிய நேரம் சராசரியாக 18 சதவீதம் கூடியிருந்தது. அதே மிதிப்பு அவர்களுக்குக் கொஞ்சம் லேசாகவும் தெரிந்தது. பிறகு வந்த இன்னொரு ஆய்வில், "என்னால் முடியும்" என்று சொல்லிக்கொண்டதைவிட "உன்னால் முடியும்" என்று வேறொருவர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டபோது 10 கி.மீ. தூரத்தை வேகமாக மிதித்தார்கள்.

செயற்கையாக இருப்பதற்குக் காரணம், யாரோ எழுதிக் கொடுத்த வாசகத்தை வைத்துக்கொள்வது. உங்கள் வீட்டில் சின்ன வயதில் உங்களை யார் எப்படிக் கூப்பிட்டு அதட்டி எழுப்பினார்களோ அந்தக் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். "ஏலே, அந்தக் கம்பம் வரைக்கும் போடா, அப்புறம் பேசிக்கலாம்" என்று உங்கள் அப்பத்தா சொல்வதாக நினைத்தால் செயற்கையாகவா இருக்கும்? ஒன்று ஓட்டத்துக்கு, ஒன்று சைக்கிளுக்கு, அவ்வளவு போதும். இப்போதிருந்தே பயிற்சியில் சொல்லிப் பழகுங்கள், அன்றைக்குப் புதிதாக யோசித்தால் வராது.

கூடவே சிரித்தும் பாருங்கள். ஓடும்போது முகத்தைச் சுளிக்காமல் சிரித்தவர்களுக்கு, அதே வேகத்துக்கு ஆக்சிஜன் செலவு சுமார் 2 சதவீதம் குறைந்ததாக 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. தோளும் தாடையும் தளர்வதை நீங்களே உணர்வீர்கள்.

எனக்கு 46 வயது. "இந்த வயசுல பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது" என்று வீட்டில் பேச்சு. ஊக்கப்படுத்த வேண்டியவர்களே தடுக்கும்போது என்ன செய்வது? (பள்ளத்தூர்)

ஆச்சி, மடோனா பூடர் என்று அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரி. 48 வயதில்தான் ஓடவே தொடங்கினார், 2012-இல் கனடாவில் முழு அயர்ன்மேனை முடித்தபோது வயது 82. வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் இந்தக் கதையால் மட்டும் வீடு மாறாது என்பதும் எனக்குத் தெரியும்.

வீட்டு ஆட்கள் எதிர்ப்பது பெரும்பாலும் விளையாட்டை அல்ல. விடியற்காலை இருட்டில் ரோட்டில் போகிறாளே என்ற பயம், ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காணோமே என்ற மனத்தாங்கல். அந்த இரண்டுக்கும் நேரடியாகப் பதில் செய்யுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு, பளிச்சென்ற சட்டை, கூட ஒரு ஆள், எந்த வழியாகப் போகிறேன் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போவது. அப்புறம் ஒருநாள் அவர்களையே வேலையில் இழுத்துவிடுங்கள். நீண்ட சைக்கிள் பயிற்சியன்று குன்றக்குடி விலக்கிலோ பிள்ளையார்பட்டியிலோ மோரும் வாழைப்பழமுமாக நிற்கச் சொல்லுங்கள், சாமி கும்பிட்ட மாதிரியும் ஆகும். ஒரு தடவை கையில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்கள் அடுத்த வாரம் "இன்னைக்கு எத்தனை மணிக்கு வர்ற" என்று அவர்களே கேட்பார்கள். எல்லா வீட்டிலும் நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பல வீடுகளில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

யாரைப் பார்த்து உற்சாகம் எடுத்துக்கொள்வது? உலக சாம்பியன்கள் வீடியோதான் பார்க்கிறேன். (மாணவர், அழகப்பா பல்கலைக்கழகம்)

சாம்பியன்களைப் பார்த்து நுட்பம் கற்றுக்கொள்ளுங்கள். உற்சாகத்துக்கு, கடைசியில் வருகிறவர்களைப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் முடிக்கிறவர் படுகிற பாடும் பதினாறு மணி நேரம் வெயிலில் கிடப்பவர் படுகிற பாடும் வேறு, நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது கூட்டம்.

1982 பிப்ரவரியில் ஹவாய் அயர்ன்மேனில் ஜூலி மாஸ் என்ற மாணவி, கல்லூரி ஆய்வுக்காகத்தான் போட்டிக்கே வந்தவர், பெண்களில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்து எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கால் விட்டுப்போய் விழுந்தார், எழுந்தார், திரும்ப விழுந்தார். கேத்லீன் மக்கார்ட்னி அவரைத் தாண்டிப்போய் ஜெயித்தார். ஜூலி தவழ்ந்தே கோட்டைத் தொட்டார், 29 விநாடி பின்னால். டிவியில் அதைப் பார்த்துவிட்டு இந்த விளையாட்டுக்கு வந்தவர்கள் ஏராளம், ஜெயித்தவரைவிடத் தவழ்ந்தவரைத்தான் இன்றைக்கும் அதிகம் பேசுகிறார்கள்.

டிக் ஹாய்ட், மூளை முடக்குவாதம் உள்ள மகன் ரிக்கைப் படகில் வைத்து இழுத்து நீந்தி, சைக்கிளின் முன்னிருக்கையில் உட்காரவைத்து மிதித்து, சக்கர நாற்காலியில் தள்ளி ஓடி, 1989-இல் ஹவாயில் முடித்தார். கிறிஸ் நிகிச் 2020-இல் ஃபுளோரிடாவில் 16 மணி 46 நிமிடத்தில் முடித்தார், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர்களில் முழு தூரத்தை முடித்த முதல் ஆள் அவர்தான். தினமும் ஒரு சதவீதம் முன்னேறுவது என்பதுதான் அவருடைய வழி. அந்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, நாளைக் காலையிலிருந்தே செய்யலாம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு வருஷா வருஷம் நடக்கிறேன். அந்த அனுபவம் இதற்கு உதவுமா? (கோட்டையூர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உடம்புக்கு ஓரளவுதான் உதவும், நடப்பதும் ஓடுவதும் வேறு. மனசுக்கு இதைவிடப் பெரிய பயிற்சி நம் பக்கத்தில் இல்லை.

குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி வரை 150 கி.மீ.க்கு மேல் நடக்கிறவர்களுக்கு மூன்று விஷயம் ஏற்கெனவே தெரியும். ஒன்று, பழனி இன்னும் எவ்வளவு தூரம் என்று நாள் முழுக்கக் கேட்கிறவர் சீக்கிரம் தளர்ந்துபோவார், இன்றைக்குத் தங்கும் இடம் எது என்று கேட்கிறவர் போய்ச் சேருவார். இரண்டாவது, கொப்புளம் வந்த அன்றைக்கு உலகமே முடிந்த மாதிரி இருக்கும், மறுநாள் காலையில் அதே காலோடு நடந்துகொண்டிருப்போம். கெட்ட நேரம் வந்தது போலவே போயும்விடும் என்பதை உடம்பாலேயே கற்றவருக்கு, ஓட்டத்தின் 30-ஆவது கிலோமீட்டர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடாது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். வழியில் முன்பின் தெரியாதவர்கள் மோர் கொடுப்பார்கள், காலுக்கு வெந்நீர் வைப்பார்கள், ஒருவர் "அரோகரா" என்றால் பத்துப் பேர் திருப்பிச் சொல்வார்கள். குரல் கொடுத்தவருக்கும் நடை எட்டிப் போடும். போட்டியிலும் இதைச் செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் தலை குனிந்து நடந்தால், எண் அட்டையில் பேர் இருக்கும், பேரைச் சொல்லி "வாங்க, அடுத்த பந்தல் வரை சேர்ந்து போவோம்" என்று கூப்பிடுங்கள். போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் இப்படித் துணையாகப் போவதை விதி தடுக்கவில்லை. நம் வலியையே பார்த்துக்கொண்டிருந்த கண் வெளியே திரும்பும், நமக்கும் வேகம் வரும். தண்ணீர் கொடுக்கிற பிள்ளைகளுக்கு நன்றி சொல்லுங்கள், அவர்களும் காலையிலிருந்து நிற்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் முழு தூரம் போகிறார். ஓரத்தில் நின்று நான் என்ன சொல்ல வேண்டும்? (திருப்பத்தூர்)

நல்ல கேள்வி அம்மா. சொல்லக்கூடாதது முதலில்: "இன்னும் கொஞ்ச தூரம்தான்." அவருக்கு 20 கி.மீ. இருக்கும்போது அது எரிச்சலைத்தான் கிளப்பும். "டயர்டா இருக்கியே" என்பதும் வேண்டாம். உண்மையான தகவலைச் சொல்லுங்கள்: "நேர வரம்புக்கு ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கு, நடந்தாலும் முடிச்சிடலாம்." அந்த நேரத்தில் அவருக்குக் கணக்குப் போட வராது, நீங்கள் போட்டுக் கொடுப்பதே பெரிய உதவி. "சாப்பிட்டீங்களா" என்று கேளுங்கள், அது நமக்கு இயல்பாகவே வரும்.

எங்கே நிற்பது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். தொடக்கத்தில் எல்லாரும் உற்சாகமாகத்தான் இருப்பார்கள், ஓட்டத்தில் 28 முதல் 34 கி.மீ. வரைதான் ஆள் தேவை. ஆனால் உணவோ தண்ணீரோ கையில் கொடுக்காதீர்கள், கூடவே ஓடவும் கூடாது, வெளி உதவி என்று அவருக்குத் தண்டனை வரும். முழு தூரப் போட்டிகளில் வழியில் எடுத்துக்கொள்ள ஒரு தனிப் பை வைக்க விடுவார்கள். அதில் பிள்ளைகள் கையால் எழுதிய சீட்டு ஒன்றைப் போட்டு வையுங்கள்.

போன தடவை நேரம் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். திரும்பப் போக மனசே வரவில்லை. (தேவகோட்டை, வங்கி ஊழியர்)

ஹிரோமு இனாடா என்ற ஜப்பானியர் 60 வயதில் நீச்சல் கற்று, 70 வயதில் முதல் டிரையத்லான் செய்தவர். 2015-இல் ஹவாயில் எல்லைக்கோட்டுக்கு முன்னால் விழுந்து எழுந்து வந்து, 5 விநாடியில் நேரத்தைத் தவறவிட்டார். 17 மணி நேரத்துக்குப் பிறகு 5 விநாடி. மறு வருஷம் 83 வயதில் வந்து முடித்தார், 2018-இல் 85 வயதில் இன்னொரு முறை.

உடனே பேர் கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு மாதம் கணக்கு வைக்காமல் ஓடுங்கள். பிறகு எங்கே நேரம் போனது என்று உட்கார்ந்து பாருங்கள்: நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்திலா, வெயிலிலா, நீச்சலிலா. காரணம் தெரிந்துவிட்டால் மனசு தானாகவே அதைச் சரிசெய்யக் கிளம்பும்.

எந்தக் கட்டத்தில் "போதும்" என்று நிறுத்த வேண்டும்? (செவிலியர், காரைக்குடி)

நெஞ்சு வலி, தலை சுற்றிப் பேச்சு குழறுவது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போவது, கடும் வெயிலில் குளிர் எடுப்பது, நிற்காத வாந்தி. இதில் ஒன்று வந்தாலும் நிறுத்தி மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் யாரும் யாரையும் "முடியும், ஓடு" என்று தள்ளக்கூடாது. இன்னொன்று, வெறும் தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், குழப்பம் வரும், அதைச் சோர்வு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. மற்றபடி கால் வலி, சலிப்பு, அழுகை, கோபம் இதெல்லாம் வரும், சாப்பிட்டுவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.