நாலு ஷாக்கும் மாற்றச் சொல்கிறார்களா? முதலில் காற்றைப் பாருங்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் இருக்கிறோம். 2016 மாடல் சின்ன கார், 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மகன் சிங்கப்பூரில் இருப்பதால் ஆக்டிங் டிரைவர் வைத்து வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் எடுப்பதோடு சரி. சில மாதங்களாகச் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் இடுப்பு வரைக்கும் இடிக்கிறது. டேஷ்போர்டு பக்கம் கடகடவென்று சத்தம் வேறு. அப்பச்சிக்கு 82 வயது, முதுகு வலி. காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவதற்குள் துவண்டுவிடுகிறார். டிரைவர் தம்பி தனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். நாலு ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் ராக் எல்லாம் மாற்ற 34,000 ரூபாய் கேட்கிறார்கள். போன வருஷம்தான் ஸ்பிரிங்குக்கு ரப்பர் பஃபர் போட்டோம். மாற்றிவிடலாமா? அப்பச்சி பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்து வருவது சரிதானா?

பதில்: மாற்றாதீர்கள் ஆச்சி. 34,000 ரூபாயை அப்படியே வைத்திருங்கள். உங்கள் தொல்லைக்குப் பாதிக் காரணம், போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன அந்த ரப்பர் பஃபர். மீதிப் பாதி பெரும்பாலும் டயரில் இருக்கும்.

ஷாக் அப்சார்பர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் யாரும் உங்களை ஏய்க்க முடியாது. முகப்பில் தொங்கும் ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளினால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும், கையால் பிடித்தால் நிற்கும். காரில் ஸ்பிரிங்தான் ஊஞ்சல், ஷாக் அதைப் பிடிக்கிற கை. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்கும் டயரும். அதற்குப் பிறகு வண்டி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஷாக் போய்விட்டால் வண்டி படகு மாதிரி ஆடும், வேகத்தடை தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை குதிக்கும். நீங்கள் சொல்வது ஆட்டம் அல்ல, இடி. அதற்கு ஷாக்கைக் கைகாட்டுவது, வயிற்று வலிக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற மாதிரி.

இதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். பானெட்டின் ஒரு மூலையில் இரண்டு கையையும் வைத்து, உடம்பின் கனத்தைக் கொடுத்து அழுத்தி, சட்டென்று விடச் சொல்லுங்கள். மேலே வந்து, கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் அந்த ஷாக் இன்னும் உழைக்கிறது. மூன்றாவது தடவையும் ஆடினால் போய்விட்டது. நாலு மூலையிலும் பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து ஷாக் உடம்பையும் பாருங்கள். லேசாகத் தூசி ஒட்டியிருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து, செம்மண் புழுதி அதில் அப்பிக் கன்னங்கரேல் என்று இருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் முன்பக்கம் இரண்டு, அல்லது பின்பக்கம் இரண்டு என்று ஜோடியாக மாற்றினால் போதும். நாலும் ஒரே நாளில் கெட்டுப்போக அவை ஒன்றும் ஒரே முகூர்த்தத்தில் பிறந்தவை அல்ல.

இனி டயர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் விளிம்பிலோ டயர் காற்றழுத்தம் எழுதிய ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சின்ன கார்களுக்கு அதில் பெரும்பாலும் 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டியே எண் இருக்கும். பங்க்கில் ஏர் பிடிக்கிற பையன் அந்த ஸ்டிக்கரைப் பார்ப்பதில்லை, எல்லா வண்டிக்கும் 35, 38 என்று அடித்துவிடுகிறான். நிறைய இருந்தால் மைலேஜ் வரும் என்று டிரைவரும் சொல்லியிருப்பார். எட்டுப் பத்து பாயின்ட் கூடிவிட்டால் டயர் கல் மாதிரி ஆகிவிடும், ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு ஜல்லியும் அப்பச்சியின் முதுகுக்குத் தந்தி அடிக்கும். இன்னொன்று: ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. காரைக்குடி வரை பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் போய் அங்கே பார்த்தால் மூன்று நான்கு பாயின்ட் ஏறிக் காட்டும். அதனால் சில நூறு ரூபாய்க்குக் காற்று அளக்கிற ஒரு கேஜ் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள், கூட இருந்தால் வால்வை அழுத்தி இறக்குங்கள். நைட்ரஜன் போடச் சொல்வார்கள். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதற்குத் தனியாகக் காசு தேவையில்லை.

டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. டயரின் மேல் வெட்டுகளைக் காட்டி ‘பட்டன் நல்லா இருக்கே’ என்பார்கள். பட்டன் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். ஓடாமல் நின்ற காரில் பட்டன் தேயாது, வெயிலும் வருஷமும் ரப்பரைக் காய்ச்சிக் கட்டையாக்கிவிடும். ஆறு வருஷத்தைத் தாண்டியிருந்தால், நகத்தை அழுத்திப் பாருங்கள், இறங்காது. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதால் அடிப்பக்கம் தட்டையாகி, முதல் இரண்டு கிலோமீட்டர் தடதடக்கும். ஓடச் சூடானால் சரியாகும். மாதக்கணக்கில் நின்றிருந்தால் அந்தத் தட்டை அப்படியே தங்கிவிடும். 34,000 ரூபாயில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து, கம்பெனி கொடுத்த அதே அளவில் நாலு புது டயர் போட்டாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். அகல டயர், அலாய் வீல் பேச்சை யாராவது எடுத்தால் காதை மூடிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த பஃபர். அக்சசரி கடைகளில் ‘கம்ஃபர்ட் கூடும், வண்டி தட்டாது’ என்று சொல்லி விற்கிறார்கள். ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவே தடித்த ரப்பர் வளையத்தைச் செருகுவார்கள். செருகிய இடத்தில் அந்தச் சுற்று நசுங்கவே முடியாது. ஆறு சுற்று உழைக்க வேண்டிய இடத்தில் ஐந்து உழைத்தால் ஸ்பிரிங் விறைத்துப் போகும். வண்டி ஒரு விரல் உயரும், அதைப் பார்த்து நாம் மகிழ்ந்துபோவோம். ஆனால் ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடி மேலே, ஷாக்கைப் பாடியோடு பிடித்திருக்கும் ஷாக் மவுண்டுக்கும் பாடிக்கும் போகும். இடியும் அதனால்தான், டேஷ்போர்டு கடகடப்பும் பாதி அதனால்தான். கழற்றுவது அரை மணி நேர வேலை. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் விரியும். சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தால் வந்துவிடும். செங்கல் அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துகிற சாகசம் மட்டும் வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கே யாராவது சண்டைக்கு வருவார்கள். டிக்கியில் கேஸ் சிலிண்டர் பொருத்திய வண்டி. சிலிண்டர் மட்டுமே ஐம்பது அறுபது கிலோ கனத்தோடு எப்போதும் பின்னால் உட்கார்ந்திருக்கும், காலி வண்டியே தாழ்ந்துதான் நிற்கும். ஆனால் அதற்கும் பஃபர் சரியான மருந்து அல்ல. கேஸ் மாடலுக்கென்று கம்பெனியே தனி ஸ்பிரிங் போட்டிருந்தால் அதை வாங்கிப் போடலாம். அது கிடைக்காத பழைய வண்டி, தினமும் பின் சீட்டில் மூன்று பேர், வாடகை ஓட்டம் என்றால் பின்பக்கம் மட்டும் பஃபர் போட்டுக்கொள்ளட்டும். முன்பக்கம் கூடாது. உங்களுடையது வீட்டு வண்டி, பெட்ரோல் வண்டி என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். வீடு புதுப்பிக்கும்போது ஆத்தங்குடித் தரைக்கல்லை டிக்கியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும் ‘தட்டுது’ என்று பஃபர் கேட்டுப் போகிறார்கள். நூறு கல் இருநூறு கிலோவை நெருங்கும், அதற்கு மினி வேன் இருக்கிறது.

பஃபரை எடுத்து, காற்றையும் சரி செய்த பிறகும் பெரிய பள்ளத்தில் ‘டக்’கென்று இரும்பு இடிக்கிற சத்தம் வந்தால் பம்ப் ஸ்டாப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாக் ராடின் மேல்முனையில் ரொட்டி மாதிரி ஒரு நுரை ரப்பர் இருக்கும். நம் ஊர் வெயிலில் எட்டு வருஷத்தில் அது உதிர்ந்து பொடியாகிவிடும். சில நூறு ரூபாய்ப் பொருள். ஷாக்கே மாற்றினாலும் பழைய பம்ப் ஸ்டாப்பையும் பழைய மவுண்டையும் திரும்பப் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு, புது ஷாக்கிலும் சத்தம் வருவது அதனால்தான். சக்கரத்தைப் பாடியோடு இணைக்கிற கீழ்க் கைக்கு லோயர் ஆர்ம் என்று பெயர்; அதன் ரப்பர் புஷ்ஷை மாற்றினால் இன்னொரு விஷயம்: அந்த போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தரையில் இறங்கி, கனம் சக்கரத்தில் நின்ற பிறகுதான். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். வண்டி விறைப்பாக ஓடும், புஷ்ஷும் சீக்கிரம் கிழிந்துவிடும். பத்து ஒர்க்‌ஷாப்பில் எட்டில் இதைச் செய்வதில்லை, கேட்டால் ‘அதெல்லாம் தேவையில்லை’ என்பார்கள். தேவை.

ஸ்டியரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற பல்சட்டம்தான் ஸ்டியரிங் ராக். அதை மாற்றச் சொன்னதை நான் நம்பவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் ஒன்பது, மூன்று இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கிற மூட்டான டை ராட் எண்ட். பன்னிரண்டு, ஆறு பக்கம் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது என்றால் லோயர் ஆர்மின் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட் என்ற மூட்டு அல்லது சக்கர பேரிங். எதுவுமே ஆடவில்லை என்றால் ராக் மாற்ற வேண்டும் என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

சத்தத்துக்கு வருவோம். முதல் வேலை, வண்டியைக் காலி செய்வது. கிளவ் பாக்ஸில் உள்ள புத்தகம், சில்லறை, கதவுப் பையில் தண்ணீர் பாட்டில், சீட்டுக்கு அடியில் உருளும் விபூதி டப்பா, டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி, பலகாரம் கொண்டுபோன தகர டின் என எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓட்டுங்கள். பாதிச் சத்தம் இறங்கிப் போயிருக்கும். ஸ்டெப்னியைத் திரும்ப வைக்கும்போது நடு நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

அடுத்து வண்டியை நிறுத்திவைத்து, ஏ.சி. ஃபேனை ஒன்றிலிருந்து நாலு வரை மாற்றிப் பாருங்கள். ஃபேன் வேகத்தோடு சத்தமும் மாறினால் அது டேஷ்போர்டு அல்ல, ப்ளோயர். வேப்ப மரத்தடியில் நிறுத்துகிற வண்டிகளில் இலையும் வேப்பங்கொட்டையும் உள்ளே இறங்கி ஃபேனில் அடிக்கும். நின்றே கிடக்கிற வண்டி என்றால் எலி கூடு கட்டியும் இருக்கலாம். கிளவ் பாக்ஸைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் எட்டிவிடும். இன்னொரு சோதனை: கரடுமுரடான ரோட்டில் மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாகத் தொடச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் அது பிரேக் பேடும், அதை அழுத்துகிற காலிப்பரின் பின்னும் ஆடுகிற சத்தம். நிற்காமல் முன்பக்கமிருந்து ‘டொக் டொக்’ என்றால், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியின் இணைப்பான ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது ஷாக் மவுண்ட்.

உண்மையிலேயே டேஷ்போர்டுதான் என்றால் டிரைவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையால் ஒவ்வொரு இடமாக அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் அடங்குகிறதோ அங்கேதான் கிளிப் உடைந்திருக்கும் அல்லது ஒயர் கட்டு தளர்ந்திருக்கும். கிளிப் பத்து இருபது ரூபாய். ஒயருக்குத் துணி டேப், பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு உரசும் இடத்துக்கு ஃபெல்ட் டேப். டேஷ்போர்டு முழுவதையும் பிரிக்க மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒரு கிளிப்புக்காகத் திறந்து நாலு கிளிப்பை உடைத்து மூடுவார்கள். மியூசிக் சிஸ்டமோ ரிவர்ஸ் கேமராவோ பொருத்திய பிறகுதான் சத்தம் ஆரம்பித்தது என்றால் முதல் குற்றவாளி பொருத்தியவர். கதவு ரப்பர் கிறீச்சிட்டால் சிலிகான் கிரீஸ் தடவுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், புழுதியை இழுக்கும். டிக்கிக் கதவு தடதடத்தால் அதன் இரு ஓரத்திலும் உள்ள ரப்பர் குமிழைக் கையால் அரைச் சுற்று வெளியே திருகினால் இறுகிவிடும்.

இதையெல்லாம் டிரைவர் தம்பி சொன்ன இடத்தில் செய்யாதீர்கள். அவர் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். ஆனால் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகிறவருக்குப் பில்லில் ஒரு பங்கு போவது இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். வீட்டில் பெரியவர்கள் மட்டும், பிள்ளைகள் வெளிநாட்டில் என்று தெரிந்தால் பில் கொஞ்சம் கூடவே கொழுக்கும். நீங்களோ உறவில் ஒருவரோ கூடவே போய், பாகத்துக்குத் தனி, கூலிக்குத் தனி என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள். புது ஷாக் என்று தருவதில் வெல்டிங் தடமோ, அதன் மேல் புதுக் கறுப்பு பெயிண்டோ தெரிந்தால் அது பழசைத் துளைத்து எண்ணெய் ஊற்றி மூடிய சரக்கு. முன் ஷாக்கைக் கழற்றினால் வீல் அலைன்மென்ட்டும் கட்டாயம்.

இவ்வளவும் செய்தாலும் வேகத்தடைக்கு என்னிடம் மருந்து இல்லை. 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வளைந்த முதுகு என்று, சாலை விதிமுறைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு எழுதி வைத்திருக்கிறது. நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகத் தார் கொட்டி, வாசற்படி மாதிரி நிறுத்தி, வெள்ளைக் கோடுகூட அடிக்காமல் போகிறார்கள். அதைக் கேட்க ஆளில்லை. ஷாக் விற்பதற்கு மட்டும் ஆள் இருக்கிறார்கள்.

அப்பச்சி பின் சீட்டில் சாய்ந்து வருவது சரியில்லை. சின்ன காரில் பின் சீட்டு ஏறக்குறைய பின்சக்கரத்தின் மேலேயே இருக்கிறது, சக்கரம் வாங்குகிற அடி நேராக அங்கே ஏறும். முன் சீட்டு இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதால் தூக்கல் குறைவு. முன் இடது சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்வை அதிகம் படுக்கவிடாமல் நிமிர்த்தி, இடுப்புக்கு ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். சீட் பெல்ட் மடியில் தாழ்வாக, வயிற்றின் மேல் ஏறாமல் இருக்கட்டும். பின் சீட்டில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், அங்கிருந்து டிரைவரின் ஸ்பீடோமீட்டரும் தெரியும்.