வால்வு ஆம்ப் ஊளையிட்டால்: வாசகர் கேள்வி, பதில்

வால்வு கிட்டார் ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) பற்றி இந்த மாதம் ஏழெட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்தான்: "கட்டி முடித்தேன், சத்தம் போடுகிறது, எதை மாற்றுவது?" திருச்சியில் 30 வருடம் ரேடியோ கடை நடத்தியவன் என்ற முறையில் நான் சொல்வது, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். முதலில் அந்தச் சத்தத்தை உட்கார்ந்து கேளுங்கள்.

பதிலுக்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த ஆம்ப்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சீராக்கும் பில்டர் கண்டன்சரில் அது தங்கியிருக்கும். கை வைக்கும் முன் 10 கே, 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை கிளிப் வயரில் மாட்டி, பி பிளஸ்ஸுக்கும் (அந்த உயர் டிசி வரும் முனை) சேஸிஸுக்கும் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) நடுவே அரை நிமிடம் வைத்திருங்கள். மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே தொடுங்கள். ஓடும் ஆம்ப்பில் அளக்கும்போது இடது கை சட்டைப் பையில் இருக்கட்டும்.

கேள்வி: வணக்கம் சார். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஃபெண்டர் கம்பெனியின் சாம்ப் 5எஃப்1 என்ற சிறிய ஆம்ப்பின் வரைபடத்தைப் பார்த்து ஒரு ஆம்ப் கட்டினேன். 12ஏஎக்ஸ்7 (முதலில் பெருக்குவது), 6வி6 (ஸ்பீக்கரை ஓட்டுவது), 5ஒய்3 (ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர்) வால்வுகள். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உள்ளூரில் சுற்றி வாங்கியது. ஸ்விட்ச் போட்டு வால்வு சூடானதும் ஸ்பீக்கர் பயங்கரமாக ஊளையிடுகிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் நிற்கவில்லை. இரண்டு முறை வால்வு மாற்றிப் பார்த்துவிட்டேன்.
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: தம்பி, வால்வுகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், அவற்றில் குற்றம் இருக்காது. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது, இரண்டு இடத்தில். வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் ஊளை நிற்கவில்லை என்கிறீர்கள். 12ஏஎக்ஸ்7 ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு. அந்த வரைபடத்தில் வால்யூம் கன்ட்ரோல் அதன் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவில் இருக்கிறது. அப்படியானால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால். கிட்டார் ஜாக், முதல் பாதி, அதன் வயர் எதையும் தொட வேண்டாம்.

இரண்டாவது, டிரான்ஸ்பார்மர் உள்ளூரில் சுற்றியது. சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே நிற வயரைத்தான் வெளியே விடுவார்கள். எது ஆரம்பம், எது முடிவு என்று நமக்குத் தெரியாது. சாதாரண வேலைக்கு அது பரவாயில்லை. ஆனால் 5எஃப்1-இல் ஸ்பீக்கர் முனையிலிருந்து 22 கே ரெசிஸ்டர் ஒன்று கிளம்பி 12ஏஎக்ஸ்7-இன் இரண்டாம் பாதியின் கேதோடுக்கு (எலக்ட்ரான் கிளம்பும் முனை), அதாவது 8-ஆம் பின்னுக்கு, திரும்பி வருகிறது. வெளியே போகும் ஒலியில் கொஞ்சத்தை எதிர்த்திசையில் கொண்டுவந்து சேர்த்து ஆம்ப்பை அடக்கி வைக்கிற வேலை அதற்கு. டிரான்ஸ்பார்மர் முனை மாறியிருந்தால் எதிர்த்திசையில் வர வேண்டியது அதே திசையில் வந்து சேரும். அடக்க வேண்டியது ஊதிவிடுகிறது. அதுதான் உங்கள் ஊளை.

சோதித்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரை இறக்கி, 22 கே ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் பற்றிலிருந்து கழற்றுங்கள். ஸ்பீக்கர் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். இப்போது ஸ்விட்ச் போடுங்கள். ஊளை போய், கிட்டார் கொஞ்சம் உரக்கவே கேட்டால் நான் சொன்னதுதான் விஷயம். மறுபடி அணைத்து, டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள்: எர்த்தில் இருந்தது ஜாக்குக்கு, ஜாக்கில் இருந்தது எர்த்துக்கு. பிளேட் (வால்விலிருந்து ஒலி வெளியேறும் முனை) பக்கத்தில் மாற்றினாலும் அதே பலன்தான், ஆனால் அங்கே உயர் வோல்ட்டேஜ் இருக்கிறது. எதற்கு வம்பு? 22 கே-யைத் திரும்ப வைத்துப் பற்றுங்கள். ஒலி முன்பைவிடச் சற்றுத் தணிந்து, தெளிந்து வர வேண்டும். வந்ததும் அந்த வயர்களில் ஒரு துண்டு டேப் சுற்றி அடையாளம் போட்டு வையுங்கள்.

கேள்வி: ஊளை இல்லை, விசில் இல்லை. ஆனால் எப்போதும் ஓர் இரைச்சல். கிட்டாரைக் கழற்றினாலும் இருக்கிறது. பில்டர் கண்டன்சரை இரட்டிப்பாக்கியும் குறையவில்லை.
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: என்ன சுருதியில் இரைகிறது என்று நீங்கள் எழுதவில்லையே! கிட்டார் கையில் இருக்கிறது, அதையே மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தித் தட்டினால் வருவது ஜி, 98 ஹெர்ட்ஸ். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயர் இரண்டு பாதியையும் திருப்பிவிடுவதால் பில்டரில் எஞ்சுவது 100 ஹெர்ட்ஸ். ஆகவே இரைச்சல் அந்த ஜி-க்கு மயிரிழை மேலே, "ர்ர்ர்" என்று கரகரப்பாக இருந்தால் பவர் சப்ளையைப் பாருங்கள். அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே, "ம்ம்ம்" என்று மழுப்பலாக இருந்தால் அது 50. அதற்குக் காரணம் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) வயரோ, மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலமோ.

50 என்றால் முதலில் ஹீட்டர். பழைய சாம்ப்பில் ஹீட்டரின் ஒரு முனையை நேராகச் சேஸிஸில் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, 6.3 வோல்ட் இரண்டு முனையிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டர் எர்த்துக்குக் கொடுங்கள். சுருளில் நடு முனை இருந்தால் ரெசிஸ்டர் வேண்டாம், நடு முனையையே எர்த் செய்யலாம். ஹீட்டர் வயர் இரண்டையும் நெருக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோய், சாக்கெட்டை நெருங்கியதும் மேலே ஏற்றுங்கள். கிரிட் (வால்வுக்குள் ஒலி நுழையும் முனை) வயரோடு அது சேர்ந்து ஓடக் கூடாது.

உங்களுக்கு 100 என்றால், கண்டன்சரைக் கூட்டியும் குறையாததால், எர்த் வயர்களைப் பாருங்கள். இதே தொல்லையை நான் பட்டிருக்கிறேன். எனக்கென்று கட்டிய முதல் கிட்டார் ஆம்ப் அது. மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். 12ஏஎக்ஸ்7 மாற்றினேன், பில்டர் கண்டன்சர் மூன்றையும் மாற்றினேன், இரைச்சல் இம்மி குறையவில்லை. நான்காம் நாள் காலை வெளிச்சத்தில் சேஸிஸைக் கவிழ்த்து வைத்து எர்த் வயர்களை மட்டும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனேன். உயர் வோல்ட்டேஜ் சுருளின் நடு முனை, சிவப்பு மஞ்சள் வயர், சேஸிஸின் குறுக்கே நீண்டுபோய் கிட்டார் ஜாக்கின் எர்த் முனையில் முடிந்திருந்தது. அங்கே ஏற்கெனவே ஈயம் பிடித்திருந்ததால் நான் அதிலேயே வைத்துப் பற்றியிருக்கிறேன். முதல் கண்டன்சரை நிரப்பும் கரண்ட் தொடர்ந்து ஓடுவதில்லை, வினாடிக்கு 100 தடவை குத்துக் குத்தாகப் பாய்கிறது. அந்தக் குத்து முழுவதும் ஜாக் எர்த் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது. வயரை வெட்டி, நேராக முதல் கண்டன்சரின் மைனஸ் முனையில் வைத்தேன். பத்து நிமிட வேலை. ஸ்விட்ச் போட்டால் ஆம்ப் ஓடுகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதி.

உங்கள் ஆம்ப்பிலும் அந்த வயரைத் தேடுங்கள். நடு முனையும் முதல் கண்டன்சரின் மைனஸும் தங்களுக்குள் முதலில் சேர்ந்துவிட வேண்டும். அங்கிருந்து ஒரே ஒரு வயர் மற்ற எர்த்துக்குப் போகட்டும்.

கேள்வி: எங்கள் சர்ச் இசைக்குழுவுக்கு இரண்டு இஎல்84 போட்ட 18 வாட் ஆம்ப் கட்டினேன் ஐயா. பாதி வால்யூம் வரை அருமை. அதற்கு மேல், ட்ரெபிளையும் ஏற்றினால் விசில் அடிக்கிறது. விசில் இல்லாதபோதும் ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஒரு கரகரப்பு ஏறுகிறது.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஊற்றுக்கண் ஒன்றுதான். அந்தக் கரகரப்பு காதுக்கு எட்டாத உயரத்தில் அடிக்கும் விசில். கேட்காது, ஆனால் வாசிக்கிற சுரத்தைக் கெடுக்கும், அவுட்புட் வால்வையும் வீணாகச் சூடாக்கும். கிட்டாரைக் கழற்றிவிட்டு, இஎல்84-இன் கேதோடில் மீட்டரை டிசியில் வையுங்கள். வால்யூமை மெல்லத் திருப்புங்கள். வாசிப்பு எதுவும் இல்லாதபோது அந்த வோல்ட்டேஜ் அசையக் கூடாது. குமிழைத் திருப்பத் திருப்ப அது ஏறியோ இறங்கியோ போனால் உள்ளே ஆம்ப் தானாக ஆடுகிறது.

இஎல்84 துடிப்பான வால்வு. கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் 6வி6-இல் கரண்ட் 4 மில்லியாம்பியர் மாறும் என்றால் இதில் 11 மாறும். வயர் ஓட்டத்தில் கொஞ்சம் அசிரத்தை இருந்தாலும் பொறுக்காது.

முக்கால் அடி நீளத்துக்கு உலர்ந்த மூங்கில் குச்சி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் கட்டும் குச்சி போதும். பென்சில் வேண்டாம், உள்ளே கிராஃபைட் இருக்கிறது. ஆம்ப் விசில் அடிக்கும்படி வைத்து, ஒரு கையால் குச்சி பிடித்து, வயர்களை ஒவ்வொன்றாக மெல்லத் தள்ளுங்கள். இதே போன்ற ஆம்ப் ஒன்று என் மேசைக்கு வந்தது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் நீல பிளேட் வயர், அழகாக இருக்கட்டும் என்று வால்யூம் கன்ட்ரோலுக்குப் போகும் வயரோடு சேர்த்து நூலால் கட்டப்பட்டிருந்தது. நூலை அறுத்து நீல வயரைக் குச்சியால் விலக்கினேன். விசிலின் சுருதி ஏறிக்கொண்டே போய், இரண்டு விரல் அகலம் விலகியதும் சட்டென்று நின்றது. திரும்ப நெருக்கினேன், மறுபடி அடித்தது. கட்டு நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் பிளேட் வயரும் கிரிட் வயரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடக் கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

அப்புறம் கிரிட் ரெசிஸ்டர். இஎல்84-இன் 2-ஆம் பின்னில் 2.2 கே முதல் 8.2 கே வரை ஒன்று இருக்க வேண்டும். வரைபடத்தில் இருக்கிறது என்று போர்டில் வைத்துவிட்டு அங்கிருந்து நீள வயர் விட்டால் பலன் போச்சு. ரெசிஸ்டரின் உடல் பின்னை ஒட்டி உட்கார வேண்டும். கிட்டார் ஜாக்கிலிருந்து முதல் வால்வுக்குப் போகும் 68 கே ரெசிஸ்டருக்கும் அப்படியே. 12ஏஎக்ஸ்7-இன் உள்ளே 100 பிகோபாரட் அளவுக்கு ஒரு கண்டன்சர் இருப்பதுபோல் அது நடந்துகொள்ளும். 68 கே-யும் அதுவும் சேர்ந்து 23 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கதவைச் சாத்திவிடும். நமக்கு வேண்டிய சுரம் எதுவும் அதில் போகாது, ரேடியோ நிலையம்தான் போகும்.

கேள்வி: "புட் புட் புட்" என்று மோட்டார் படகு மாதிரி ஓடுகிறது. கண்டன்சர் பழைய ரேடியோவில் கழற்றியது.
(வாசகர், காரைக்குடி)

பதில்: அந்தக் கண்டன்சர்களைத் தூக்கிப் போடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் வருடக்கணக்கில் கிடந்தால் உலர்ந்துவிடும். உலர்ந்தால் கடைசி வால்வு இழுக்கும் கரண்ட் பவர் சப்ளை வழியாக முதல் வால்வை ஆட்டுகிறது. புதிதாக 450 வோல்ட் கண்டன்சர் வாங்கிப் போடுங்கள். பழைய வால்வை வைத்துக்கொள்ளலாம், பழைய எலக்ட்ரோலிட்டிக்கை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஆம்ப் பெட்டியைத் தட்டினால் "டங்" என்று ஸ்பீக்கரில் கேட்கிறது.
(வாசகர், வேலூர்)

பதில்: முதல் வால்வு மைக்காக மாறியிருக்கிறது. பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7-இன் கண்ணாடியையும் மெல்லத் தட்டுங்கள். எது உரக்கப் பேசுகிறதோ அதைப் பின்னால் உள்ள சாக்கெட்டில் போட்டு, பின்னால் இருக்கும் 12ஏஎக்ஸ்7-ஐ முன்னால் கொண்டுவாருங்கள். காசு செலவில்லை.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கொர்ரென்று இரைகிறது.
(வாசகர், விருதுநகர்)

பதில்: உங்கள் இன்வெர்ட்டர் சைன் அலை வகையாக இருக்காது. அதன் சதுர அலையில் உள்ள கூர்மை டிரான்ஸ்பார்மர் வழியாக உள்ளே வருகிறது. ஆம்ப்பில் கோளாறு இல்லை, கரண்ட் வந்த பிறகு வாசியுங்கள்.

கேள்வி: பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் ஹம் போய்விடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: கூடாது. இன்றைக்கே திரும்ப மாட்டுங்கள். மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் ஒரு நாள் போனால் 230 வோல்ட் சேஸிஸுக்கு வரும். சேஸிஸிலிருந்து கிட்டார் கம்பிக்கு வரும். கம்பியில் உங்கள் இடது கை, மைக்கில் உதடு. எர்த் பின் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் போக உங்கள் உடம்பைத் தவிர வேறு வழி கிடையாது. பின்னைக் கழற்றினால் ஹம் போகிறது என்றால், ஆம்ப்பும் அதோடு கேபிளில் சேர்ந்திருக்கிற மிக்சரோ வேறு ஆம்ப்போ இரண்டு இடத்தில் எர்த் ஆகிறது. அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஹம் போனால், நடுவே, இரண்டு எர்த்தையும் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (ஒலியை மிக்சருக்கு அனுப்பும் சிறு பெட்டி) ஒன்றை வையுங்கள். போகாவிட்டால் எந்த ஜாக்கில் என்ன மாட்டியிருக்கிறது என்று ஒரு படம் வரைந்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.